மனை பேசும் உலகம் – 14: பெயர் யார் முகவரியில்?

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மேயர்லேண்ட் என்றொரு குடியிருப்பு. பிரேஸ் பாயூ என்ற ஓடையை ஒட்டிய பகுதி. 2015, 2016, 2017 என்று வரிசையாக மூன்று ஆண்டுகள் அங்கே வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மூன்றாவது முறை வந்தது ஹார்வி புயல். அதற்குப் பிறகு சிலர் வீட்டை அப்படியே தூக்கி உயர்த்தினார்கள். சிலர் இடித்துவிட்டு, தரையை மேடாக்கிப் புதிதாகக் கட்டினார்கள். பழுது பார்த்ததோடு நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. ஒரே தெருவில் இந்த மூன்று வகை வீடுகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

அங்கே வீடு வாங்க வருபவருக்குப் படுக்கையறை எத்தனை என்பதைவிடப் பெரிய கேள்விகள் இருக்கின்றன. இந்த வாசலில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது? தரைமட்டச் சான்றிதழ் இருக்கிறதா? வெள்ளக் காப்பீடு எவ்வளவு தரும்? மத்திய அரசின் காப்பீட்டில் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர்தான். வீட்டுக் கடனோடு சேர்த்து எடுக்காவிட்டால், பொதுவாக 30 நாள் கழித்தே அது நடைமுறைக்கு வரும். போதாக்குறைக்கு, ஹூஸ்டன் இருக்கும் டெக்சஸ் மாநிலத்தில் விற்ற விலையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிவேட்டைப் புரட்டி விலையைத் தெரிந்துகொள்ள வழியில்லை. எனவே, அந்தத் தெருக்களை நடந்து அறிந்த ஒரு வீட்டு ஏஜென்ட் இதையெல்லாம் பொறுமையாக எழுதி வைத்தால், அந்த எழுத்தே அவருக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவரும்.

அந்த எழுத்தை எங்கே வைப்பது? ஆயிரக்கணக்கான ஏஜென்ட்டுகள் சேர்ந்து எழுதும் பொதுத் தளத்திலா, தன் பெயரில் வாங்கிய சொந்தத் தளத்திலா? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

கூட்டத்தின் பலம்

2006-ல் தொடங்கிய ஆக்டிவ்ரெயின், அமெரிக்க ஏஜென்ட்டுகள் கூடி எழுதிய பெரிய தளங்களில் ஒன்று. தொழிலுக்குப் புதிதாக வந்தவருக்கு இப்படியொரு இடம் பெரிய துணை. கணக்குத் தொடங்கிய அன்றே எழுதலாம்; படிக்க ஆள் இருக்கும். தப்பாக எழுதினால் அனுபவசாலிகள் திருத்துவார்கள்.

அங்கே படிப்பவர்களில் பெரும்பகுதி சக ஏஜென்ட்டுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். அது குறையல்ல. சிகாகோவில் வீட்டை விற்றுவிட்டு ஹூஸ்டனுக்குக் குடிபெயரும் குடும்பத்தை, சிகாகோ ஏஜென்ட் யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். தான் தொடர்ந்து படித்து, நம்பிக்கை வைத்த ஒருவரிடம்தான் ஒப்படைப்பார். அதற்குக் கமிஷனில் கால் பங்கு பெறுவது பரவலான வழக்கம். இந்தத் தொடர்பைச் சொந்தத் தளத்தில் தனியாக உட்கார்ந்து உருவாக்குவது கடினம்.

ஆனால் மேயர்லேண்ட் வெள்ளத்தைப் பற்றி ராத்திரி பதினோரு மணிக்குத் தேடுபவர் ஏஜென்ட் அல்ல, வீடு வாங்கப்போகிறவர். கூகுள் எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அங்கே போவார். 2011 பிப்ரவரியில் தன் தேடல் முறையில் பாண்டா என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. அதன்பின் தரமற்ற பக்கங்கள் குவிந்த தளங்களில் நல்ல பக்கங்களும் சேர்ந்தே கீழே போயின. அடுத்தவர் அவசரமாக எழுதிப் போட்டதற்கு, அக்கறையாக எழுதியவரும் விலை கொடுத்தார்.

தளம் கைமாறினால்

ஆக்டிவ்ரெயின் பிறகு மார்க்கெட் லீடர் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2013-ல் மார்க்கெட் லீடரை வீடு தேடும் தளமான ட்ரூலியா சுமார் 35.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2015-ல் ட்ரூலியாவை அதே வகைத் தளமான ஜில்லோ தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஜில்லோவோடு பல ஏஜென்ட்டுகளுக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. ஒருவர் தேடிப்பிடித்து விற்பனைக்குக் கொண்டுவந்த வீட்டின் படமும் விலையும் அங்கே தெரியும். பக்கத்திலேயே 'ஏஜென்ட்டைத் தொடர்புகொள்ள' என்ற பட்டன் இருக்கும். அதை அழுத்தினால், பல நேரங்களில், விளம்பரத்துக்குப் பணம் கட்டிய வேறொருவருக்கு அழைப்பு போகும். அந்த ஏற்பாட்டை எதிர்த்து ஆக்டிவ்ரெயினில் எழுதியவர்களின் கட்டுரைகளும் கடைசியில் அதே நிறுவனத்தின் குடைக்குள் வந்து சேர்ந்தன. பின்னர் அங்கிருந்தும் ஆக்டிவ்ரெயின் விற்கப்பட்டது. எந்த விற்பனையிலும் எழுதியவர்களிடம் சம்மதம் கேட்கப்படவில்லை.

கைமாறினாலாவது எழுத்து மிஞ்சும். மூடிவிட்டால் அதுவும் இல்லை. யாஹூ 1999-ல் இலவச வலைப்பக்கத் தளமான ஜியோசிட்டீஸை வாங்கி, 2009 அக்டோபரில் மூடியது. ட்விட்டர் 2012-ல் வலைப்பதிவுத் தளமான போஸ்டரஸை வாங்கி, 2013 ஏப்ரல் 30-ல் மூடியது.

ஹூஸ்டனில் இன்னொரு வழியும் உண்டு. அங்குள்ள ஏஜென்ட்டுகளின் சங்கமே ஹார்.காம் என்ற தளத்தை நடத்துகிறது. லாபத்துக்கு நடத்தும் கம்பெனியைவிட இது எவ்வளவோ மேல். இருந்தாலும், பல்லாயிரம் உறுப்பினர்களின் பக்கங்களுக்கு நடுவே அது ஒரு பக்கம்தான். உறுப்பினராக இருக்கும் வரைதான்.

லிஸ்டிங் யாருடையது?

டெக்சஸ் சட்டப்படி ஏஜென்ட் தனியாகத் தொழில் செய்ய முடியாது. ஒரு புரோக்கரின் கீழ்தான் செய்ய வேண்டும். வீட்டு ஓனர் போடும் ஒப்பந்தமும் புரோக்கரோடுதான். ஏஜென்ட் வேறு புரோக்கரிடம் மாறினால், விற்பனைக்கு எடுத்த வீடுகளை, அதாவது லிஸ்டிங்குகளை, இஷ்டத்துக்குக் கையோடு எடுத்துப்போக முடியாது. பழைய நிறுவனம் போட்டுக்கொடுத்த பக்கமும் போய்விடும். பத்து வருட உழைப்பில் அவரோடு வரக்கூடியவை அவர் பெயரும், அவர் எழுதியதும்தான். கைவசம் இருக்கும் இந்த இரண்டையும் அடுத்தவர் இடத்தில் வைப்பது சரியல்ல. ஒரு குடும்பம் பல வருடங்களுக்கு ஒரு முறைதான் வீடு மாறுகிறது. 2017-ல் உதவிய ஏஜென்ட்டை 2027-ல் தேடினால், அதே முகவரியில் அவர் கிடைக்க வேண்டும்.

சொந்தத் தளத்துக்குப் பொறுப்பும் உண்டு. டெக்சஸ் விதிப்படி, முகப்புப் பக்கத்தில் புரோக்கர் சேவை குறித்த அரசு அறிவிப்புக்கான இணைப்பு குறைந்தது 10 பாயின்ட் எழுத்தில் தெரிய வேண்டும். புரோக்கரின் பெயர், ஏஜென்ட்டின் தொடர்பு விவரங்களில் மிகப் பெரிய எழுத்தின் பாதி அளவாவது இருக்க வேண்டும். எங்கே எழுதினாலும் 1968-ம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் பொருந்தும்: இன்ன இனத்தார், இன்ன மதத்தார் வாழ ஏற்ற தெரு என்று எழுதக் கூடாது. வெள்ள மட்டம், வரி, பராமரிப்புக் கட்டணம் என்று அளந்து சொல்லக்கூடியதை எழுதுவதே நல்லது.

ஆகவே…

டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, முதலில் வாங்குங்கள். சாதாரணப் பெயருக்கு ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து டாலர் ஆகும். தளம் வடிவமைப்பவர் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ அல்ல, உங்கள் பெயரில், உங்கள் சொந்த மின்னஞ்சலில் பதியுங்கள். தெருவைப் பற்றிய ஆழமான கட்டுரைகளை அங்கே போடுங்கள். வீடு வாங்குபவருக்கானவை அவை. தொழில் அனுபவத்தைப் பொதுத் தளத்தில் எழுதுங்கள். சக ஏஜென்ட்டுகளுக்கானவை அவை. எதை எங்கே எழுதினாலும் ஒரு பிரதி உங்கள் கணினியில் இருக்கட்டும். இரண்டையும் கவனிக்க நேரமில்லை என்றால் பொதுத் தளத்தை விடுங்கள். சொந்தத் தளத்தை விடாதீர்கள்.

*(அடுத்த வாரம்: விற்ற விலை வெளியே தெரியாத மாநிலத்தில் ஒரு வீட்டுக்கு விலை வைப்பது எப்படி?)*