செங்காந்தளின் இலை

ஐப்பசி மழை சற்றே ஓய்ந்த காலைப் பொழுதில் வேலியோரமாக நடந்து செல்பவர்கள், கள்ளிக்கும் காரைக்கும் நடுவே திடீரெனத் தீப்பற்றினாற்போன்ற காட்சியொன்றைக் காண்பதுண்டு. அருகில் சென்றால் அது தீயன்று, செங்காந்தள் என்பது விளங்கும். கார்த்திகைப் பூ என்று நம் வீட்டுப் பெரியோர் வழங்குவதும் இதனையே. தமிழ்நாட்டின் மாநில மலர் இது; கடல் கடந்த ஜிம்பாப்வே நாட்டினரும் இதனைத் தங்கள் தேசிய மலராகக் கொண்டிருக்கின்றனர். குறிஞ்சிப்பாட்டில் மலர்களை வரிசையாக அடுக்கிய கபிலர் முதலிடம் அளித்ததும் காந்தளுக்கே. ஆயினும் புலவர்கள் மலரையே கண்டு மயங்கினார்கள். நாம் இங்கே சொல்லப் புகுந்தது அதன் இலையைப் பற்றி.

நிமிர்ந்து நிற்க வலுவில்லாத கொடிகள் மேலேறுவதற்கு எத்தனையோ உபாயங்கள் செய்கின்றன. அவரை தன் தண்டையே கொம்பில் சுற்றுகிறது. வெற்றிலை கணுக்களில் வேர்விட்டு ஒட்டுகிறது. பாகலும் பிரண்டையும் இதற்கென்றே தனிப் பற்றுக்கம்பிகளை வளர்க்கின்றன. காந்தளுக்குத் தனிக்கம்பி கிடையாது. இலையின் நுனியே மெல்லிய நாடாபோல் நீண்டு, கொக்கியாக வளைந்து, அகப்பட்ட சுள்ளியைச் சுற்றிக்கொள்ளுகிறது. உணவு சமைக்கும் இலையே கையாகவும் வேலை செய்கிறதென்றால் இதைவிடச் சிக்கனம் வேறு உண்டோ!

1865-ஆம் ஆண்டில் கொடிகளின் அசைவைப் பற்றி நூல் எழுதிய டார்வின், இக்குடும்பத்துக் கொடியொன்றைக் கூர்ந்து கவனித்தார். கொக்கியின் உட்புறத்திற்குத்தான் தொடுவுணர்ச்சி உண்டென்றும், கொடி இளமையாயிருக்கையில் தோன்றும் அடியிலைகளில் கொக்கியே இல்லையென்றும் கண்டார். பற்றுவதற்கு ஒன்றும் அகப்படாத இலையொன்று 33 நாட்கள் கொக்கியைத் திறந்தபடியே காத்திருந்ததாம்! பின்னர் அது தானே சுருண்டு, பொத்தான்போல் ஆகிவிடுமாம்.

மலரும் விந்தையில் குறைந்ததன்று. ஆறு இதழ்களும் பின்புறமாக மடிந்து மேல்நோக்கி நிற்க, பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகிறது. சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக ஒருபுறம் திரும்பித் தன் மகரந்தத்தினின்றும் விலகி நிற்கிறது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் இதனைப் பயிராக்கும் குடியானவர்கள், வண்டுகளை மட்டும் நம்பாமல், காலை வேளையில் பூவுக்குப் பூ தாங்களே மகரந்தம் தடவுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பூவன்று, விதை.

விதையிலும் கிழங்கிலும் இருக்கிறது கால்ச்சிசின் என்னும் கொடிய நஞ்சு. உயிரணு இரண்டாகப் பிரியும் காரியத்தை அது தடுத்து நிறுத்துகிறது. அதே நஞ்சு, அளவறிந்து கொடுத்தால், கவுட் என்னும் மூட்டுநோய்க்கு நல்ல மருந்து. 1937-ஆம் ஆண்டு முதல் பயிர்களின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கவும் அறிவியலார் இதனைக் கையாண்டு வருகின்றனர். நம் குடியானவர் வெயிலில் நின்று விளைவித்த விதையில் பெரும்பகுதி அயல்நாட்டு ஆலைகளுக்குச் செல்வதை எண்ணும்போது நமக்குச் சற்று வருத்தமே உண்டாகிறது. நம் மண்ணில் விளைந்ததை நாமே மருந்தாக்கி அனுப்பலாகாதா?

கலப்பையைப்போல் வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்று பெயர் பெற்ற இதனை, வள்ளிக்கிழங்கென்று மயங்கித் தின்று மாண்டவர் உண்டு. குழந்தைகள் உள்ள வீட்டினர் இதை நன்கு மனத்தில் இருத்தவேண்டும். தின்றவுடன் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழிந்தபின்னரே வாந்தியும் பேதியும் தொடங்கும். பிழைத்தவர்க்கும் ஓரிரு வாரத்தில் தலைமயிர் உதிர்வதுண்டு. ஆகையால், குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று பார்த்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்வதே முறை.

இவ்வளவும் அறிந்து, வேலியில் ஒரு கொடி ஏற்றிவைக்க விரும்புவோர்க்கு ஒரு வார்த்தை. கோடையில் கொடி முற்றிலும் காய்ந்துபோகும். செத்துவிட்டதென்று தோண்டி எறியவேண்டாம். கிழங்கு மண்ணுக்குள் உறங்குகிறது. அதன் முனையிலேதான் முளை இருப்பதால், இடம் மாற்றும்போது முனை ஒடியாமல் எடுக்கவேண்டும். எடுத்தபின் கையை நன்றாகக் கழுவவும் வேண்டும்.