சாட்பாட் எப்படிக் கேட்கிறது?

தில்லி மெட்ரோவின் விமான நிலைய எக்ஸ்பிரஸ் பாதையில் 2023 மே மாதம் வாட்ஸ்அப் வழிப் பயணச்சீட்டு அறிமுகமாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் மற்றப் பாதைகளுக்கும் வந்தது. ‘ஹாய்’ என்று அனுப்பினால் உடனே பதில் வருகிறது. மறுமுனையில் இருப்பது சாட்பாட் என்னும் நிரல். அது நாம் சொல்வதை எப்படிக் கேட்கிறது?

வாசலில் யாராவது வந்திருக்கிறார்களா என்று நிமிஷத்துக்கொரு தரம் கதவைத் திறந்து பார்க்கலாம். காலிங் பெல் அடித்ததும் எழுந்து போகலாம். வாட்ஸ்அப் சாட்பாட்டுக்கு இரண்டாவது வழிதான். செய்தி வருவது, பட்டனைத் தொடுவது, பணம் கட்டி முடிவது ஒவ்வொன்றும் ஒரு ‘நிகழ்வு’. ‘இது நடந்தால் இதைச் செய்’ என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் நிரல்பகுதி ‘லிசனர்’. தமிழில் ‘கேட்பான்’ எனலாம். செய்தி வந்ததும் வாட்ஸ்அப் அதைச் சாட்பாட்டின் இணைய முகவரிக்கு அனுப்பி வைக்கும். இந்த ஏற்பாட்டின் பெயர் வெப்ஹுக்.

நிரல் எழுதுவோர் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ‘கிடைத்தது’ என்ற ஒப்புதலை உடனே அனுப்பிவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்க வேண்டும். ஒப்புதல் வராவிட்டால் வாட்ஸ்அப் அதே செய்தியை மறுபடி அனுப்பும். ஒரே ஆளுக்கு இரண்டு டிக்கெட் போய்விடக்கூடும்! ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாள எண் உண்டு. அதைக் குறித்து வைத்து, திரும்ப வந்தால் தள்ளிவிட வேண்டும்.

இரண்டாவது இன்னும் முக்கியம். கேட்பான் இல்லாத நிகழ்வு சத்தமில்லாமல் மறைந்துவிடும். எழுத்துச் செய்தி ஒரு வகை, குரல் செய்தி வேறு வகை. டைப் செய்யத் தெரியாத பாட்டி, “கரோல் பாக் போகணும், டிக்கெட் வேணும்ப்பா” என்று பேசி அனுப்புகிறார் என்று வையுங்கள். எழுத்துக்கு மட்டும் கேட்பான் இருந்தால் அவருக்குப் பதிலே வராது. ‘ஹாய்’ மட்டும் அறிந்த நிரலுக்கு ‘வணக்கம்’ புரியாது. தில்லி மெட்ரோவின் இச்சேவை இந்தியிலும் ஆங்கிலத்திலும் அறிமுகமானது என்பதை நினைத்துப் பார்த்தால், இதன் பொருள் நமக்கு விளங்கும்.

ஆகவே எதிலும் அடங்காத செய்திக்கென்று ஒரு பொதுக் கேட்பான் அவசியம். “புரியவில்லை, இந்த எண்ணில் பேசுங்கள்” என்றாவது அது சொல்லட்டும்.

தலைநகரில் நிரலாக்கம் படிக்கும் நம் பிள்ளைகள் நாளை மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ சாட்பாட் எழுதக்கூடும். யார் யார், எந்த மொழியில், எப்படியெல்லாம் கூப்பிடுவார்கள் என்று முதலில் பட்டியல் போடச் சொல்லுங்கள். அதில் நம் வீட்டுப் பாட்டியும் இருக்கட்டும்.