மின்கலத்தை ஆய்ந்தறிதல்

விளக்கின் அருமை இருளில் விளங்கும். 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை அணுகியபோது, அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய மேற்புறத்து ஊர்களிற் பல தெருக்கள் நீரில் மூழ்கின, மின்னோட்டமும் நின்றது. அத்தகைய இரவில் நீரினூடே வழிகாட்டுவது கையிலுள்ள டார்ச் விளக்கே. அவ்விளக்கின் உயிர்நிலை அதனுட் கிடக்கும் மின்கலம். அதனை ஆய்ந்தறியும் முறையையும் அதற்கு மின்னேற்றும் முறையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முன்னாளில் டார்ச்சில் இட்ட உலர்கலங்கள் ஒருமுறை தீர்ந்தால் எறியப்படுவன. இந்நாளிற் பெருவழக்கான லித்தியம் அயனி மின்கலமோ பன்னூறு முறை மின்னேற்றிப் பயன்கொள்ளத்தக்கது. 1991இல் ஜப்பானியரது சோனி நிறுவனம் இதனை முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தது. இதற்கு வழிகோலிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ என்னும் அறிஞர் மூவர்க்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. டார்ச்சுகளில் மிகுதியும் வழங்குவது 18650 என்னும் வகை. அவ்வெண் அளவைக் குறிப்பது: குறுக்களவு 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர், இறுதிச் சுழி உருளை வடிவுக்கு அடையாளம்.

கலத்தின் மேலுறையில் எழுதியிருப்பதனைத்தும் மெய்யென்று கொள்ளுதல் கூடாது. இவ்வகையில் மெய்யான கலங்கள் பெரும்பாலும் 2,000 முதல் 3,600 மில்லி ஆம்பியர் மணி வரையே கொள்ளும். 9,900 என்று அச்சிட்ட போலிகளும் சந்தையில் உலவுகின்றன. பழைய மடிக்கணினிகளினின்று பிரித்தெடுத்த கலங்கள் புதிய உறையணிந்து வருதலும் உண்டு. ஆதலின் ஆய்வு இன்றியமையாதது.

முதலாவது, கண்ணால் ஆய்தல். நசுங்கியது, கசிந்தது, துருவேறியது ஆகியவற்றை விலக்குக. கலத்தின் உலோக உடல் முழுவதும் எதிர்முனையாதலின், உறை கிழிந்த கலம் சாவி, நாணயம் இவற்றோடு பையிற் கிடப்பின் குறுக்கோட்டம் நேர்ந்து தீப்பற்றக்கூடும்.

இரண்டாவது, மல்டிமீட்டரால் மின்னழுத்தம் காண்டல். நிறைந்த கலம் 4.2 வோல்ட்டும், ஏறக்குறையத் தீர்ந்த கலம் 3 வோல்ட்டும் காட்டும். 2 வோல்ட்டுக்குங் கீழே நெடுநாட் கிடந்த கலத்துக்கு மீண்டும் மின்னேற்றலாகாது. அந்நிலையில் உள்ளிருக்கும் செப்புத்தகடு கரைகின்றது. மின்னேற்றுங்கால் அச்செம்பு வேண்டாத இடத்திற் படிந்து இருமுனைகளையும் உள்ளேயே இணைத்துவிடும். வெளித்தோற்றத்தில் நன்றாயிருக்கும் கலம் எரிவதற்கு இஃதொரு காரணம்.

மூன்றாவது, கொள்ளளவு காண்டல். கலத்தை முற்றும் நிறைத்துச் சிறிது ஆறவிட்டு, அளந்த மின்னோட்டத்தில் தீர விடுக. 500 மில்லி ஆம்பியர் வீதம் ஐந்து மணி நேரம் நின்றால் கொள்ளளவு 2,500 ஆகும். இக்கணக்கைத் தாமே செய்துகாட்டும் சார்ஜர்களும் உள.

நான்காவது, தானே ஒழுகும் தன்மையை அறிதல். நிறைத்த கலத்தை ஒரு திங்கள் தனியே வைத்து மீண்டும் அளக்க. 4.1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருப்பின் அஃது ஐயுறத்தக்கது.

மின்னேற்றுதல் இருபடித்து. முதலில் ஒரே அளவான மின்னோட்டம் செல்ல, அழுத்தம் படிப்படியே 4.2 வோல்ட்டை எட்டும். பின்னர் அழுத்தம் அங்கேயே நிற்க, மின்னோட்டம் மெல்லக் குறைந்து அற்றுப்போகும். 2,500 கொள்ளளவுடைய கலத்துக்கு 1,250 மில்லி ஆம்பியரோ அதனிற் குறைந்ததோ தகும். நிறைந்தவுடன் தானே நிற்கும் சார்ஜரே வேண்டும். வேறுவகைக் கலங்களுக்குரிய சார்ஜர் இதற்கு ஆகாது. மின்னேறும்போது கையாற் பற்றவியலாதவாறு கலம் சுடுமாயின் உடனே நிறுத்துக. உறங்குமுன் மெத்தையருகே மின்னேற்ற வைத்தல் தகாது. கோடை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைத்தலும் கலத்தின் ஆயுளைக் குறைக்கும். நெடுநாள் வைப்பதாயின் பாதியளவே நிறைத்துக் குளிர்ந்த இடத்தில் வைக்க.

பழுதான கலத்தைக் குப்பையில் எறியாது, மறுசுழற்சிக்குப் பெறுவோரிடம் சேர்த்தல் கடன். பழங்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தி 2022இல் இந்திய அரசு விதிகள் வகுத்துள்ளது.

நான்காம் ஆய்வுக்கு ஒரு திங்கள் வேண்டுமாதலின், ஐப்பசி மழைக்கு நாம் புரட்டாசித் தொடக்கத்திலேயே ஆயத்தஞ் செய்தல் வேண்டும். தேறிய கலங்களை மழைக்கு முன் நிறைத்துவைப்பின், மின்னற்ற இரவில் விளக்கு நம்மைக் கைவிடாது. அவ்விளக்கால் வீட்டிற்குத் தீங்கும் நேராது.