டிரைவருக்கு இடப்பக்கத்து ஆசனம்

2018ஆம் வருஷத்துக் கோடை விடுமுறையில் ஒரு நாள் சாயங்காலம், ரெட்டியார்பாளையத்தில் நமது வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு மகாநாடு கூடிற்று. எந்த ஊருக்குப் போகும் பஸ்ஸின் முன் ஆசனத்தில் உட்கார்ந்து வழி நெடுகப் படம் பிடிப்பது என்பதே அன்று விவாதத்துக்கு வந்த விஷயம். வாசகர்கள் புன்னகை புரியக்கூடும். பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கு இது என்ன பைத்தியம் என்று கேட்கவும் கூடும். ஆனால் இந்தப் பைத்தியம் இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. செல்போனை பஸ்ஸின் முன் கண்ணாடிக்கு நேரே பிடித்து, புறப்பட்ட இடத்திலிருந்து சேரும் இடம் வரையில் வெட்டாமல் ஒட்டாமல் படம் எடுக்கிறார்கள். அதில் கதை இல்லை, கதாநாயகி இல்லை, வில்லன் இல்லவே இல்லை. எதிரே சாலை வந்துகொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். அதை வீட்டில் நாற்காலியில் சாய்ந்தபடி ஒரு மணி, இரண்டு மணி நேரம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நாமும் அவர்களில் ஒருவர் என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

மகாநாட்டில் மூத்த குமாரன் வால்பாறை என்றான். இளையவள் கொல்லிமலை என்றாள். வால்பாறைக்கு 40 வளைவுதான், கொல்லிமலைக்கு 70 வளைவு என்பது அவளுடைய கட்சி. நமது இல்லத்தரசியார் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிரேரேபித்தார். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த நமது தாயார் மட்டும், "ஏன், நம்ம விழுப்புரம் ரோட்டுக்கு என்ன கொறச்சல்? வாசப்படி தாண்டினா பஸ்ஸு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தலைமை வகித்த நாமும் சிரித்தோம். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பித்து புதிதல்ல. சினிமா பிறந்து நடை பழகாத காலத்திலேயே அதை ரெயில் எஞ்சினின் முகப்பில் கட்டிவிட்டார்கள். 1897, 1898ஆம் வருஷங்களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இத்தகைய படங்களுக்கு நல்ல கிராக்கி இருந்தது. எஞ்சின் கண்ணுக்குத் தெரியாது; இருப்புப்பாதை மட்டும் தானாக ஓடிவந்து நம்முடைய காலடியில் மறையும். ஆகையால் அவற்றுக்குப் 'பேய்ச் சவாரி' என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்தார்கள். அவற்றில் மிகப் பிரசித்தி பெற்றது, 1906ல் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தின் மார்க்கெட் வீதியில் மைல்ஸ் சகோதரர்கள் எடுத்த படம். கம்பி வடத்தால் இழுக்கப்படும் டிராம் வண்டியின் முன்புறத்தில் காமிராவை வைத்துச் சுமார் 13 நிமிஷம் ஓட்டியிருக்கிறார்கள். குதிரை வண்டிகள் குறுக்கே புகுகின்றன. பையன்கள் வண்டிக்கு முன்னால் ஓடி வேடிக்கை காட்டுகிறார்கள். வீதியின் கோடியிலுள்ள படகுத்துறைக் கட்டடத்து மணிக்கூண்டு கொஞ்சங் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வருகிறது. அந்த வருஷம் ஏப்ரல் 18ஆந் தேதி விடியற்காலையில் அந்நகரத்தைப் பெரும் பூகம்பம் குலுக்கிற்று. தொடர்ந்து தீயும் பரவிற்று. படத்தில் இரு மருங்கிலும் தோன்றும் கட்டடங்களில் பெரும்பாலானவை அழிந்தொழிந்தன. இந்தப் படம் 1905ல் எடுக்கப்பட்டதென்றே வெகு காலம் நம்பியிருந்தார்கள். பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், தெருவில் தேங்கியிருந்த மழை நீரையும், மோட்டார் வண்டிகளின் பதிவு எண்ணையும் கொண்டு, அது பூகம்பத்துக்குச் சில நாட்களே முன்னதாக எடுக்கப்பட்டது என்று நிலைநாட்டினார்கள். எடுத்தவர்கள் என்னவோ வேடிக்கைக்காகத்தான் எடுத்தார்கள்.

நமது காலத்துக்கு வந்தால், 2009ல் நார்வே தேசத்து டெலிவிஷன், பெர்கன் நகரிலிருந்து ஆஸ்லோ செல்லும் ரெயில் பிரயாணத்தை 7 மணி நேரத்துக்கு மேல் முழுமையாக ஒளிபரப்பியது. லட்சக்கணக்கான ஜனங்கள் கண் கொட்டாமல் பார்த்தார்களாம். அந்தத் தேசத்து மாமியார்களும் ஊஞ்சலில் உட்கார்ந்துதான் பார்த்தார்களோ என்னவோ, நாம் அறியோம்.

நிற்க. வீட்டு மகாநாட்டில் குமாரனுடைய கட்சியே ஜெயித்தது. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் சென்று, அங்கிருந்து ஊர் ஊராய் மாறிப் பொள்ளாச்சி சேர்ந்து, வால்பாறை பஸ்ஸில் முன் ஆசனத்தைப் பிடித்தோம். ஆழியாறு தாண்டியதும் மலை ஆரம்பமாகிறது. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. ஏறும்போது 40 வளைவையும் விடாமல் பிடித்தோம். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், மலையைக் காணவில்லை! சமதரையில் ஒரு வளைந்த சாலை. அதற்கு மேல் கொஞ்சம் பாறை, கொஞ்சம் ஆகாயம். காமிராவின் கண்ணுக்கு மேடு பள்ளம் தெரிவதில்லை என்ற உண்மை அப்பொழுதுதான் விளங்கிற்று. மலைப் பாதையில் இறங்கும்போதே படம் எடுக்க வேண்டும். அப்பொழுது ஒவ்வொரு திருப்பத்திலும் பள்ளத்தாக்கு வாய் திறக்கும். 9ஆவது வளைவில் ஆழியாறு அணையின் நீர் கீழே பளபளக்கும். நாம் இறங்கியபோதோ காமிரா பைக்குள் இருந்தது. நாம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்களை மூடியிருந்தோம்.

மறு வருஷம் இல்லத்தரசியாரின் கட்சி. கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பெயரை நம்பிக் கடலைப் பார்க்கப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். சவுக்குத் தோப்பும் பனை மரமும் மதிற்சுவரும்தான் வழியெல்லாம் கூட வரும். சமுத்திரராஜன் எப்பொழுதாவது எட்டிப் பார்த்து மறைந்துவிடுவார். ஆனால் மரக்காணத்தை நெருங்கும்போது அத்தனைக்கும் ஈடு செய்துவிடுகிறது சாலை. இரு பக்கமும் உப்பளங்கள். பாத்தி பாத்தியாக வானத்தின் நிறம். கரையில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். அப்பால் கழுவேலிச் சதுப்பு விரிகிறது. 2021ல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். உப்புக் குவியல் வேண்டுமானால் கோடையிலும், நீரும் பறவையும் வேண்டுமானால் ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்த பிறகும் போக வேண்டும். காலையில் போனால் கடற்பக்கத்து வெயில் கண்ணாடியில் பட்டுப் படத்தைச் சுட்டுவிடும். பிற்பகல் 3 மணிக்கு மேல் மேற்குச் சூரியன் குவியல்களின் மீது விழும்போது, நம்மைப் போன்ற கைத்திறம் அற்றவர் எடுத்தாலும் படம் சோபிக்கிறது.

ஆகையால் வழியைத் தேர்ந்தெடுப்பது என்பது பாதி சூரியனைத் தேர்ந்தெடுப்பதே. புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு பாக்கியம் உண்டு. கிழக்கே கடல் இருப்பதால் காலையில் மேற்கே போகிறோம், மாலையில் கிழக்கே திரும்புகிறோம். இரு வேளையும் சூரியன் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறான். விழுப்புரத்தில் குடியிருப்பவர் காலையில் இங்கே வந்து மாலையில் திரும்பினால் இரு வேளையும் கண் கூசுவதுதான் மிச்சம்.

மற்றப் பாதி ஆசனமும் கண்ணாடியும். சொகுசு பஸ்களில் டிரைவருக்கும் பிரயாணிகளுக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கும். அவை நமக்கு உதவா. சாதாரண பஸ்ஸே உத்தமம். நிறுத்தத்துக்கு நிறுத்தம் அது நிற்பதால், கூடையை இறக்கும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் படத்துக்குள் வருவார்கள். ஆனால் டவுன் பஸ்ஸில் இடப்பக்கத்து முன் ஆசனங்கள் பெரும்பாலும் மகளிருக்கு உரியவை. ஆகவே அங்கே காமிரா பிடிக்கும் பொறுப்பு இல்லத்தரசியாரைச் சேர்ந்தது. நாம் பின்னால் நின்று யோசனை சொல்லி அவருடைய கோபத்துக்குப் பாத்திரமானோம். கண்ணாடியில் சுவாமி படம், மாலை, எலுமிச்சம்பழம், வண்ணக் காகிதம் இவ்வளவும் போக எஞ்சிய இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். செல்போனைக் கண்ணாடிக்கு வெகு சமீபத்தில், ஆனால் அதன்மேல் படாமல் பிடிக்க வேண்டும். பட்டால் எஞ்சினுடைய நடுக்கமெல்லாம் படத்துக்கு வந்துவிடும். வெள்ளைச் சட்டை அணியலாகாது. நமது முதற்படம் முழுவதும் நம்முடைய சட்டையின் பிரதிபிம்பம் தார் ரோட்டின் மீது மிதந்து வந்தது. பேய்ச் சவாரி என்ற பெயருக்கு அப்பொழுதுதான் முழு அர்த்தம் தெரிந்தது.

டிரைவரின் சம்மதம் முதற்காரியம். தேநீர்க் கடையில் வண்டி நிற்கும்போது கேட்பது நலம். ஓட்டும்போது அவரிடம் பேச்சுக் கொடுப்பது பாபம். ஒருவர், "கை வரட்டும் சார், மூஞ்சி மட்டும் வேணாம்" என்று நிபந்தனை விதித்தார். நியாயமான நிபந்தனையே.

இவ்விதமாக மூன்று நான்கு வருஷம் மலையும் கடலுமாக அலைந்தோம். தாயார் கூறிய விழுப்புரம் ரோடு வாசலிலேயே கிடந்தது. எப்பொழுது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று தோன்றும் வழியை எவரும் எடுப்பதில்லை.

அந்தச் சாலையில் குறை என்ன? ரெட்டியார்பாளையத்தில் ஏறினால் மூலக்குளம். பிறகு அரும்பார்த்தபுரத்து மேம்பாலம். பாலத்தில் ஏறும்போது கண்ணாடி முழுவதும் ஆகாயம். இறங்கும்போது பூமி மெல்ல எழுந்து வரும். கீழே கிடப்பது 1879 முதல் விழுப்புரத்துக்கு ரெயில் ஓடும் பாதை. வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில். ஊர் தாண்டியதும் ஆரியபாளையத்தில் சங்கராபரணி ஆறு. அதற்கப்புறம் வேறெங்கும் காணக் கிடைக்காத ஒரு வேடிக்கை நடக்கிறது. அரியூர் வரையில் புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருவாண்டார்கோவிலும் திருபுவனையும் மதகடிப்பட்டும் மறுபடி புதுச்சேரி, பிறகு வளவனூர் தமிழ்நாடு. அந்நியர் துண்டு துண்டாகப் பிடித்த நிலத்தின் எல்லை இன்னும் அப்படியே இருக்கிறது. பெயர்ப் பலகைகளின் நிறம் மாறுவதையும், மதுக்கடைகளின் விளக்குகள் அடர்ந்து பின் ஓய்வதையும் பார்த்தே எந்தத் துண்டில் இருக்கிறோம் என்று முன் ஆசனத்திலிருந்து சொல்லிவிடலாம். சாலையை விட்டு விலகியிருக்கிறது கீழூர். 1954 அக்டோபர் 18ஆந் தேதி அங்கே கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் பாரத நாட்டுடன் சேர வேண்டுமென்று வாக்களித்தார்கள். நவம்பர் 1ஆந் தேதி ஆட்சி கை மாறிற்று. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16ஆந் தேதி பூர்த்தியாயிற்று. பிள்ளைகளுக்குச் சரித்திரப் பாடத்தில் நாம் சொல்லித் தருவதையெல்லாம் இந்தச் சாலை ஒரே டிக்கெட்டில் காட்டுகிறது.

முக்கியமானதைச் சொல்ல மறந்தோம்: புளிய மரங்கள். மதகடிப்பட்டுக்கும் வளவனூருக்கும் நடுவே அவை இரு பக்கமும் கிளை கோத்து நின்றன. 1974ல் வளவனூருக்கு அருகேயுள்ள கிராமத்திலிருந்து நமது தாயார் மணப்பெண்ணாக அந்த நிழல் வழியாகத்தான் பஸ்ஸில் வந்தார்.

விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் வரையில் நால்வழிச் சாலை வந்தது. மரங்கள் போயின. சாலை அகலமாயிற்று, பிரயாணம் விரைவாயிற்று. அதைக் குறை கூறுவதற்கில்லை. நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அந்த அகலம் எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். அவ்வழியே வெகு காலமாக வண்டி ஓட்டும் டிரைவர் ஒருவர் மட்டும், "நேரம் மிச்சம் சார். ஆனா மதியத்துல கண்ணு எரியுது" என்றார்.

எல்லாம் முடிந்த பிறகே ஒரு காலை வேளையில், கறுப்புச் சட்டை அணிந்து, சகல லட்சணங்களோடும் அந்த வழியைப் படம் எடுத்தோம். தாயார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மதகடிப்பட்டு தாண்டியதும், "புளிய மரம் எங்கப்பா?" என்றார்.

"வெட்டிட்டாங்கம்மா. ரோடு அகலம் பண்ணினாங்க இல்ல?"

"அப்ப இது வேற ரோடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்றிரவு நமக்கு ஏ. கே. செட்டியாரின் ஞாபகம் வந்தது. காந்தியடிகளைப் பற்றி அவர் எடுத்து 1940ல் வெளியான படத்துக்காக, உலகம் சுற்றி, யார் யாரோ எப்பொழுதோ எடுத்து வைத்த துண்டுப் படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். நமது வீட்டிலும் துண்டு ஏதேனும் கிடைக்குமா? பழைய செல்போனைக் கிளறினோம். வால்பாறைக்குப் புறப்பட்ட அன்று, விழுப்புரம் பஸ்ஸில், காமிரா ஓடுகிறதா என்று சோதிப்பதற்காகக் குமாரன் எடுத்த ஒரு துண்டு அகப்பட்டது. முழுதாக ஒரு நிமிஷங்கூட இல்லை. இடமில்லை என்று அதை அழித்துவிடும்படி நாமே ஒரு முறை சொல்லியிருந்தோம், அவன் மறந்துவிட்டான். பிள்ளைகளின் மறதிக்கு நாம் நன்றி பாராட்டியது அதுவே முதல் தடவை.

அதில் மரங்கள் இருந்தன. பச்சைக் குகைக்குள் நுழைவது போல் பஸ் நுழைகிறது. வெயில் காசு காசாகச் சாலையில் சிதறிக் கிடக்கிறது. ஓரத்தில் ஒரு கிழவி குனிந்து புளியம்பழம் பொறுக்குகிறாள். நமது வெள்ளைச் சட்டை நடுவில் ஆவி போல் மிதக்கிறது. தாயார் அதை நிறுத்தி நிறுத்திப் பதினைந்து தரமாவது பார்த்திருப்பார். "இந்த மரத்துக்கு எதிர்த்தாப்புலதான் கெணறு. பஸ்ஸு ரிப்பேராயி அங்கதான் எல்லாரும் எறங்கி நின்னோம். எனக்குக் கல்யாணப் பொடவை. ஊரே வேடிக்கை பார்த்துது" என்றார். இந்தச் செய்தியை நாற்பத்தைந்து வருஷமாக அவர் நம்மிடம் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊசுடேரி ஓரமாக வழுதாவூர் போகும் பஸ்ஸில் ஏறுவதாக உத்தேசம். வழியைத் தேர்ந்தெடுத்தவர் தாயார். ஏரியில் நீர் இருக்கும்போதே எடுக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு; கூடவே வருவதாகவும் சொல்லியிருக்கிறார். முன் ஆசனம் மகளிருக்கு உரியதாகையால், காமிராவை யார் பிடிப்பது என்ற விவாதம் இந்த முறை எழவில்லை.