இன்னும் 28 மாசம் இருக்கு!

"ஏங்க, நான் தொழிலதிபரா?"

இட்லி மாவை பாக்கெட்டில் ஊற்றிக்கொண்டே என் மனைவி கேட்டாள். 14 மாதமாகத் தெருவில் 40 வீடுகளுக்கு மாவு அவள் சப்ளைதான். இப்போது வளையலை அடகு வைத்து இரண்டாவது கிரைண்டர் வாங்கலாமா என்று யோசனை.

பி.காம். படித்தவனாயிற்றே, சும்மா இருப்பேனா? "கம்பெனிப் பதிவேட்டில் உன் பேர் இல்லை. ஜி.எஸ்.டி. நம்பர் இல்லை. ஆகவே, நீ தொழிலதிபர் இல்லை" என்றேன். முறைத்தாள்.

ஆனால், அவளையும் கணக்கில் சேர்க்கிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். 'குளோபல் ஆன்ட்ரப்ரனர்ஷிப் மானிட்டர்', சுருக்கமாக 'ஜெம்'. அமெரிக்காவின் பாப்சன் கல்லூரியும் லண்டன் பிசினஸ் ஸ்கூலும் சேர்ந்து 1999-ல் 10 நாடுகளில் முதல் கணக்கெடுப்பை நடத்தின. பதிவேட்டைப் புரட்டுகிற வேலையே இல்லை. நாட்டுக்குக் குறைந்தது 2,000 பேரிடம் நேராகவே கேட்டுவிடுகிறார்கள்: 'சொந்தத் தொழில் ஏதாவது ஆரம்பித்திருக்கிறீர்களா?'

முதலாளி கைக்குப் பணம் வர ஆரம்பித்து 3 மாதம் ஆகும்வரை அது முளைவிடும் தொழில். அதிலிருந்து 42 மாதம் வரை புதுத் தொழில். அதையும் தாண்டினால்தான் நிலைத்த தொழில். 18 முதல் 64 வயதுக்காரர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் முதல் இரண்டு படியில் நிற்கிறார்கள் என்பதற்கு 'டீ' என்று பெயர். (குடிக்கிற டீ இல்லை ஸார்!)

'தோற்றுவிடுவோமோ என்ற பயம் உங்களைத் தடுக்குமா?' என்றும் கேட்பார்கள். 'ஆமாம்' என்று முதலில் கை தூக்குகிற ஆசாமி அடியேன்தான்.

"சரி, மாசம் உனக்குன்னு எவ்வளவு எடுத்துக்கறே?" என்றேன்.

"எனக்கு எதுக்கு? பால், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அதிலதானே ஓடுது."

ஜெம் ஆட்கள் அதையும் முதலாளி எடுத்த பணமாகவே எழுதிக்கொள்வார்கள். ஆனால், அவள் நோட்டில்? அரிசி, உளுந்து, கரண்ட், கவர் எல்லாவற்றுக்கும் வரி இருந்தது. அவள் கூலிக்கு ஒரு வரி இல்லை! செலவு போக மாதம் 9,000 ரூபாய். தினம் 5 மணி நேர உழைப்பு. மணிக்கு 60 ரூபாய்.

"இதே வேலைக்கு ஆள் வெச்சா?"

"மணிக்கு 50 கேட்பாங்க."

மனக்கணக்குப் போட்டாள். "கூலி போக 1,500 மிஞ்சுது. அப்போ இது தொழில்தான். வளையலை எடுங்க!"

"42 மாசம் தாண்டணுமே..." என்று இழுத்தேன்.

"இன்னும் 28 மாசம் இருக்கில்ல? பேசாம பாக்கெட்டைக் கட்டுங்க. உங்களுக்கும் கூலி போட்டுடறேன்!"