இல்லத்துச் சுவருக்கு எது அழகு?

பின்னலாடை நகராம் திருப்பூரில், ஆடையின் எப்பகுதியில் எந்தப் படத்தை அச்சிடுவது என்பதை அளந்து பார்த்தே செய்வர். இடம் தவறினால் ஆடை கழிவாகிவிடும். அந்தக் கவனத்தை நம் இல்லத்துச் சுவர்களுக்கும் நாம் தருகின்றோமா?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இல்லத்தின் ஒரு பக்கத்தைச் சித்திரத் திரையொன்றால் மறைத்திருந்தார்கள். தொழுகையில் அச்சித்திரங்கள் தம் முன் தோன்றிக்கொண்டே இருப்பதாகக் கூறி, அதனை அகற்றுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். உருவங்கள் கொண்ட திரையொன்றை அன்னையார் திண்டுகளாக மாற்றிய செய்தியும் புகாரியில் உண்டு. துணி வீணாகவில்லை, அதன் இடம் மாறிற்று. அழகு தீதன்று, அது நிற்கும் இடமே நன்மை தீமையை முடிவு செய்கிறது.

நம் பகுதியில் கிப்லா, மேற்கிலிருந்து சற்றே வடக்குச் சாய்ந்தது. ஆகவே, தொழும் அறையின் அத்திசைச் சுவர் வெறுமையாய் இருப்பதே சிறப்பு.

கூடத்தில் திருமறை வசனம் மாட்டுவோர், வருவோர் படிக்கும்படி மாட்டுதல் வேண்டும். தாஜ்மகாலில் வசனங்களைத் தீட்டிய அமானத் கான், உயரம் கூடக்கூட எழுத்தையும் பெரிதாக்கினார். கீழிருந்து நோக்குவோர்க்கு அனைத்தும் ஒரே அளவாய்த் தோன்றுகின்றன. வசனத்தின் கீழே தமிழ்ப் பொருளும் இருப்பின் பயன் இரட்டிப்பாகும்.

படுக்கையறையில் ஆயத்துல் குர்ஸியை மாட்டிவிட்டு ஓதாமல் உறங்குவதில் பயனென்ன? உறங்குமுன் ஓதுவதையன்றோ நபிமொழி கற்பிக்கிறது! புகையும் எண்ணெயும் படியும் அடுக்களைச் சுவர் இறைவசனத்திற்கு உரிய இடமன்று.

குழந்தைகளின் அறைக்கு மரம், மலை, கடல் போன்ற காட்சிகள் பொருந்தும். ஓவியம் தீட்டிப் பிழைத்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டினார்கள்.

‘ஒரே அறையில் சமைத்து, உண்டு, உறங்கி, தொழும் எங்களுக்கு இவையெல்லாம் எதற்கு?’ என லைன் வீட்டில் வாழும் தொழிலாளத் தோழர் கேட்கலாம். அவருக்கே இது மிகவும் தேவை. கிப்லாச் சுவரில் படமோ நாட்காட்டியோ வேண்டாம். அவற்றைப் பக்கச் சுவருக்கு மாற்றினால் போதும். அதற்குக் காசும் வேண்டாம், தனி அறையும் வேண்டாம். தொழும் நேரத்தில் அவ்வெறுஞ்சுவர் அச்சிற்றறையையே பள்ளிவாசலாக்கிவிடும்.

இன்று ஜும்ஆ முடிந்து இல்லம் திரும்பியதும், நம் சுவர்களை ஒருமுறை நோக்குவோமாக!