கொதிக்கும் குழாயின் சூடு சொல்லும் படிகங்கள்

பாலாறு கிழக்கே போய் வயலூர் அருகே கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்துக்குச் சற்று வடக்கே கல்பாக்கம்.

கல்பாக்கத்தின் வேக ஈனுலைகளில் அணுப்பிளவின் சூட்டைச் சுமந்து வருவது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். சூட்டைக் கடத்துவதில் அது கெட்டிக்கார உலோகம். ஆனால் அதற்குள் ஒளி புகாது. கேமராவை இறக்கினாலும் ஒன்றும் தெரியாது. சூடான சோடியம் காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும் என்பதால் மூடியைத் திறந்தும் பார்க்க முடியாது. 1985-ல் இயங்கத் தொடங்கிய சோதனை ஈனுலையில், 1987 மே மாதம் எரிபொருளை இடம் மாற்றும்போது ஒரு எரிபொருள் தொகுதி வளைந்துவிட்டது. சிக்கலைச் சரிசெய்து உலையை மறுபடி இயக்க இரண்டு ஆண்டுகள் பிடித்தன. கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் வேலை செய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஒளி நுழையாத சோடியத்தில் ஒலி நுழையும். அதனால்தான் 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலைக்காக மீயொலிக் கருவிகளை உருவாக்கினார்கள். ஒலித்துடிப்பை அனுப்பி, எதிரொலியைக் கேட்டு, எந்தத் தொகுதியாவது துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று அவை சொல்லும். இவற்றின் உயிர் அழுத்தமின் பொருள். அழுத்தினால் மின்னழுத்தம் தரும், மின்னழுத்தம் கொடுத்தால் அதிரும். இந்தப் பண்பின் முதல் பாதியை 1880-ல் பிரான்சின் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள்.

இங்கே வெப்பம் குறுக்கே நிற்கிறது. மீயொலிக் கருவிகளில் பரவலாகப் பயன்படும் ஈய சிர்கோனேட் டைட்டனேட் பீங்கான் 350 டிகிரி செல்சியஸை ஒட்டித் தன் அழுத்தமின் பண்பையே இழந்துவிடும். அதற்கு வெகு கீழே வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. உலையை நிறுத்தி எரிபொருள் மாற்றும்போது சோடியம் சுமார் 200 டிகிரியில் இருப்பதால் காரியம் நடக்கிறது. உலை முழு வீச்சில் ஓடும்போதோ வெளிவரும் சோடியத்தின் சூடு 547 டிகிரி.

குவார்ட்ஸைப் பயன்படுத்தலாமே? 573 டிகிரியில் அதன் அணு அமைப்பே மாறிவிடுகிறது. லித்தியம் நையோபேட் 1,100 டிகிரிக்கு மேலும் தாங்க வேண்டும் என்பது கணக்கு. நடைமுறையில் அதற்கு வெகு முன்பே ஆக்சிஜனை இழந்து மின்கசிவுக்கு ஆளாகிவிடுகிறது. சோவியத் ஆய்வாளர்கள் 1980-களில் கவனத்துக்குக் கொண்டுவந்த லாங்கசைட் வேறு ரகம். லாந்தனம், காலியம், சிலிக்கான், ஆக்சிஜன் சேர்ந்த இந்தப் படிகம், ஏறத்தாழ 1,470 டிகிரியில் உருகும்வரை அமைப்பு மாறுவதில்லை.

இதன் மீது உருவாவதுதான் சூட்டை அளக்கும் பரப்பு ஒலி அலை உணரி. படிகத்தின் மேற்பரப்பை மட்டும் ஒட்டி ஓடும் அலை ஒன்று உண்டு என்று 1885-லேயே ரேலி பிரபு கணித்திருந்தார். 1965-ல் அமெரிக்காவின் ஒயிட்டும் வோல்ட்மரும் சீப்புப் பற்கள் கோத்ததுபோன்ற உலோகக் கம்பிகளால் அந்த அலையை எளிதாக எழுப்பிக் காட்டினார்கள். சூடு ஏறும்போது அலையின் வேகமும் படிகத்தின் நீளமும் மாறும், கூடவே அதிர்வெண்ணும் நகரும். அந்த நகர்வை அளந்தால் வெப்பநிலை தெரிந்துவிடும். பெரிய அனுகூலம், உணரிக்கு மின்கலமும் வேண்டாம், சில்லும் வேண்டாம். ஒரு சிறு ஆண்டெனா போதும். வெளியிலிருந்து அனுப்பும் ரேடியோ துடிப்பே அதை இயக்கிவிடும், பதிலும் அதே வழியில் வந்து சேரும். சாதாரண சிலிக்கான் சில்லுகள் 150 டிகிரியைத் தாண்டினாலே திணறுவதால் இந்த எளிமைக்கு மதிப்பு அதிகம். அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகக் குழுவினர் லாங்கசைட் உணரிகளை ஜெட் இயந்திரங்களிலேயே பொருத்திச் சோதித்திருக்கிறார்கள்.

ஆனால் இதை அப்படியே சோடியத்துக்குள் முக்க முடியாது. திரவம் பட்டதும் மேற்பரப்பு அலையின் ஆற்றல் அதற்குள் கசிந்து போய்விடும். உலர்ந்த இடங்கள்தான் இதற்குப் பொருத்தம்.

படிகம் தாங்கினாலும் அதன்மேல் உள்ள உலோகப் பற்கள் தாங்க வேண்டுமே. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். பிளாட்டினம் உருகாது, ஆனால் மெல்லிய படலமாக இருக்கையில் 700 டிகிரிக்கு அப்பால் திரண்டு துளித்துளியாகப் பிரிந்துவிடுகிறது. ரோடியமும் சிர்கோனியாவும் கலந்து இதைக் கட்டுப்படுத்தினார்கள் மெய்ன் ஆய்வாளர்கள்.

படிகம் வளர்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தனி மையம் இருக்கிறது. கரைசலிலிருந்து ஒரே திசையில் படிகம் வளர்க்கும் சங்கரநாராயணன்–ராமசாமி முறை 2005-ல் தமிழ்நாட்டிலிருந்துதான் உலகுக்குப் போனது. லாங்கசைட் கேட்பதோ உருகிய குழம்பிலிருந்து மெல்ல இழுத்து வளர்க்கும் வேறு வித்தை. அதற்கான இரிடியம் மூசையும் மூலப்பொருளான காலியமும் விலை உயர்ந்தவை. அந்தச் செலவைச் செய்யலாம் என்றே தோன்றுகிறது. மேட்டூர் போன்ற அனல்மின் நிலையங்களின் நீராவிக் குழாய்களில் சூடு 540 டிகிரியை ஒட்டியது. கல்பாக்கம் முன்மாதிரி ஈனுலையின் நீராவிக்கு 490 டிகிரி. இந்த அளவுக்கு லாங்கசைட்டும் சாதாரண பிளாட்டினமுமே ஈடுகொடுக்கும்.